அலுவலகத்தில் உடற்பயிற்சியும் வேலை டென்ஷனும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"வேலைக்கு நடுவில் கொஞ்சம் உடம்பை அசைத்தால் டென்ஷன் குறையுமாமே" என்று யாராவது ஆரம்பித்தால் உடனே வரிசைகட்டி வரும் சந்தேகங்கள் இவை. நாள் முழுக்க நாற்காலியிலோ, நாள் முழுக்க நின்றபடியோ வேலை பார்க்கிறவர்கள் கேட்பவை. ஆராய்ச்சிகளில் தெரியவந்ததையும் என் சொந்த அபிப்பிராயத்தையும் சேர்த்தே எழுதியிருக்கிறேன், எது எது என்பது படிக்கும்போதே தெரியும்.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள், டென்ஷன் குறையுமா குறையாதா?

குறையும். ஆனால் எது குறைகிறது என்பதைச் சரியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் ரெண்டே வாரத்தில் "இதெல்லாம் சும்மா" என்று விட்டுவிடுவீர்கள். வேலை டென்ஷன் என்று நாம் ஒரே வார்த்தையில் சொல்வதில் இரண்டு விஷயங்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஒன்று, வேலை நம் தலையில் ஏற்றி வைக்கிற பாரம்: முடிக்கவே முடியாத டெட்லைன், ஆள் பற்றாக்குறை, எதைச் செய்தாலும் குறை சொல்கிற மேலதிகாரி. இன்னொன்று, அந்தப் பாரத்துக்கு உடம்பும் மனசும் காட்டுகிற எதிர்வினை: படபடப்பு, கழுத்து இறுக்கம், சின்ன விஷயத்துக்கும் எரிந்து விழுவது, ராத்திரி தூக்கம் வராமல் புரள்வது. உடற்பயிற்சி கை வைப்பது இந்த இரண்டாவதில்தான். பத்து நிமிடம் நடந்துவிட்டு வந்து உட்கார்ந்தாலும் இன்பாக்ஸில் அதே மெயில்கள் அப்படியேதான் காத்திருக்கும், அவற்றைத் திறந்து படிக்கிற ஆள் வேண்டுமானால் கொஞ்சம் நிதானமாகியிருப்பார்.

உடம்புக்குள் அப்படி என்னதான் நடக்கிறது?

ஹார்வர்டில் உடலியங்கியல் பேராசிரியராக இருந்த வால்டர் கேனன் 1915-லேயே விளக்கிவிட்ட விஷயம் இது. ஆபத்து என்று மூளை முடிவு செய்தவுடன், சிறுநீரகத்துக்கு மேலே தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி அட்ரினலினை ரத்தத்தில் இறக்குகிறது. இதயம் வேகமாக அடிக்கிறது, கல்லீரல் சேமித்து வைத்த சர்க்கரையை அவிழ்த்துவிடுகிறது, செரிமானம் ஒத்திப்போடப்படுகிறது, ரத்தம் கைகால் தசைகளுக்குத் திரும்புகிறது. எதிர்த்து நில், இல்லை ஓடு என்பதற்கான ஏற்பாடு. கொஞ்ச நேரத்தில் கார்டிசால் என்ற இன்னொரு டென்ஷன் ஹார்மோனும் சேர்ந்துகொள்கிறது.

புலி துரத்தினால் இதெல்லாம் சரி. "உடனே என் கேபினுக்கு வரவும்" என்று ஒரு மெசேஜ் வந்தாலும் இதே ஏற்பாடுதான் நடக்கிறது என்பதுதான் சிக்கல். ஓடுவதற்கு எல்லாம் தயாராகிவிட்டது, நாம் நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்து "ஓகே சார்" என்று டைப் செய்துகொண்டிருக்கிறோம். தசைக்குப் போன சர்க்கரைக்கு வேலை இல்லை. ஒரு முறை என்றால் பரவாயில்லை, உடம்பு தானாக அடங்கிவிடும். காலை ஒன்பது மணியிலிருந்து மாலை வரைக்கும் இதே மாதிரி ஏறிக்கொண்டே இருந்தால் அடங்குவதற்கு நேரமே கிடைப்பதில்லை.

இங்கே ஒரு தப்பான நம்பிக்கையையும் சொல்லிவிட வேண்டும். "பயிற்சி செய்தால் கார்டிசால் எரிந்து போய்விடும்" என்று பலர் எழுதுகிறார்கள். உண்மையில் மூச்சு வாங்க ஓடினால் கார்டிசால் அந்த நேரத்தில் ஏறத்தான் செய்யும். வித்தியாசம் என்னவென்றால், இந்த ஏற்றத்துக்கு ஒரு முடிவு இருக்கிறது. தசை வேலை செய்கிறது, வேலை நிற்கிறது, உடம்பு இறங்குகிறது. தொடர்ந்து பயிற்சி செய்கிறவர்களுக்கு, ஏறிய இதயத் துடிப்பு சீக்கிரம் இறங்குகிறது. அதோடு ராத்திரி தூக்கம் மேம்படுகிறது, என்னைக் கேட்டால் பாதி லாபம் அங்கேதான். ஆறு மணி நேரம் ஒழுங்காகத் தூங்கிய மனிதனுக்கும் விட்டு விட்டுத் தூங்கியவனுக்கும் ஒரே மெயில் ஒரே மாதிரி தெரியாது.

எண்டார்ஃபின் சுரக்கும், அதனால்தான் சந்தோஷம் வருகிறது என்கிறார்களே?

எல்லோரும் சொல்வதுதான், ஆனால் கதை அவ்வளவு நேரானது இல்லை. எண்டார்ஃபின் என்பது உடம்பே சுரக்கிற ஒரு வலி நிவாரணி. ரத்தத்தில் சுரக்கும் எண்டார்ஃபின் மூளைக்குள் எளிதில் நுழையாது. 2021-ல் ஜெர்மனியில் வெளியான ஒரு ஆய்வில், எண்டார்ஃபின் வேலை செய்யும் வழியையே நால்ட்ரெக்ஸோன் என்ற மருந்தால் அடைத்துவிட்டு ஆட்களை ஓடவிட்டார்கள். அப்போதும் ஓடி முடித்தவர்களுக்கு அந்த மிதப்பு வந்தது, பதட்டமும் குறைந்தது. எண்டோகேன்னபினாய்டு என்ற இன்னொரு வகை வேதிப்பொருள்தான் காரணமாக இருக்கலாம் என்பது இப்போதைய கருத்து. நடைமுறைக்கு இதனால் பெரிய வித்தியாசம் இல்லை. பெயர் எதுவானாலும் நடந்து முடித்த பிறகு மனசு லேசாவது உண்மை.

நான் நாள் முழுக்க ஓடியாடி வேலை செய்கிறேன், மூட்டை தூக்குகிறேன், எட்டு மணி நேரம் நிற்கிறேன். எனக்கு எதற்கு இன்னும் உடற்பயிற்சி?

மிக நல்ல கேள்வி, பலர் கேட்கத் தயங்குகிற கேள்வியும்கூட. இதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

லண்டனில் ஜெரி மோரிஸ் என்ற மருத்துவர் இரட்டை மாடி பஸ்களில் வேலை செய்தவர்களை ஆராய்ந்து 1953-ல் முடிவுகளை வெளியிட்டார். ஒரே பஸ், ஒரே கம்பெனி. டிரைவர் ஷிஃப்ட் முழுக்க உட்கார்ந்திருப்பார், கண்டக்டர் டிக்கெட் கொடுக்க மாடிக்கும் கீழுக்குமாக ஒரு நாளைக்கு 500-க்கும் மேல் படிகள் ஏறி இறங்குவார். கண்டக்டர்களுக்கு மாரடைப்பு டிரைவர்களைவிடத் தெளிவாகக் குறைவாக இருந்தது. உடலுழைப்புக்கும் இதயத்துக்கும் இருக்கிற தொடர்பை முதலில் எண்களோடு காட்டிய ஆய்வுகளில் இது முக்கியமானது. (மோரிஸ் பிறகு யூனிஃபார்ம் அளவுகளை எடுத்துப் பார்த்தார். டிரைவர்களின் பேன்ட் இடுப்பளவு ஆரம்பத்திலிருந்தே பெரிதாக இருந்திருக்கிறது. ஆக வித்தியாசம் முழுவதையும் படிக்கட்டின் கணக்கில் எழுத முடியாது. தன் முடிவையே இப்படிச் சந்தேகப்பட்ட மனிதர் என்பதால் எனக்கு அவரைப் பிடிக்கும்.)

இதைப் படித்தால் உடலுழைப்பு வேலை செய்கிறவர்கள் எல்லோரும் ஆரோக்கியமாக இருக்க வேண்டும். அப்படி இல்லை. டென்மார்க்கைச் சேர்ந்த ஆண்ட்ரியாஸ் ஹோல்டர்மான் என்ற ஆராய்ச்சியாளரும் அவர் குழுவினரும் பல ஆண்டுகளாகக் காட்டிவருவது, ஓய்வு நேரத்தில் செய்யும் உடலுழைப்பு நன்மை தருகிறது, வேலையில் செய்யும் கனமான உடலுழைப்பு பல நேரங்களில் அந்த நன்மையைத் தருவதில்லை, சிலருக்குக் கெடுதலாகவும் போகிறது என்பதுதான். காரணம் யோசித்தால் புரியும். பயிற்சி என்பது கொஞ்ச நேரம், நல்ல தீவிரம், பிறகு ஓய்வு. வேலையோ மணிக்கணக்கில், அதே அசைவு, அதே பக்கத் தோள், நடுவில் நிறுத்தும் உரிமை நம் கையில் கிடையாது. இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் நாள் முழுக்க கொஞ்சம் உயர்ந்தே நிற்கின்றன. மூச்சும் இதயமும் பலப்படும் அளவுக்குத் தீவிரமும் இல்லை, மீண்டு வரும் அளவுக்கு ஓய்வும் இல்லை.

அதனால் நின்று வேலை செய்கிறவருக்கு நான் சொல்வது வேறு. உங்களுக்கு முதலில் தேவை இடைவேளை, உட்கார ஒரு இடம், பாரத்தைப் பகிர இன்னொரு ஆள். அப்புறம் எதிர்த்திசை அசைவுகள்: குனிந்தே வேலை என்றால் பின்னால் வளைவது, கை முன்னாலேயே இருந்தால் தோளைப் பின்னுக்கு இழுப்பது. அது போக, வேலைக்கு வெளியே வாரத்தில் இரண்டு மூன்று நாள், உங்கள் இஷ்டத்துக்கு, உங்கள் வேகத்தில் ஒரு நடை.

எவ்வளவு நேரம் செய்ய வேண்டும்? எனக்கு சாப்பிடவே நேரம் இல்லை.

உலக சுகாதார நிறுவனம் 2020-ல் சொன்ன அளவு, பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான பயிற்சி, அல்லது 75 முதல் 150 நிமிடம் தீவிரமான பயிற்சி, கூடவே வாரத்தில் இரண்டு நாளாவது தசையை வலுப்படுத்தும் பயிற்சி. மிதமான என்றால் பேச முடியும், பாட முடியாது, அந்த அளவு மூச்சு வாங்கல். இதில் பலர் கவனிக்காத ஒன்று, "தொடர்ந்து பத்து நிமிடமாவது செய்தால்தான் கணக்கு" என்று முன்பு இருந்த நிபந்தனையை அப்போது எடுத்துவிட்டார்கள். மூன்று மாடி ஏறினாலும் கணக்குதான்.

ஆனால் டென்ஷனை மட்டும் பார்த்தால் அவ்வளவு பெரிய எண்ணிக்கையைக் கண்டு மலைக்க வேண்டாம். 2011-ல் டென்மார்க்கில் கழுத்து, தோள் வலி இருந்த 198 பேரை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். ஒரு குழு தினமும் 2 நிமிடம், இன்னொரு குழு தினமும் 12 நிமிடம், ரப்பர் டியூபைக் காலால் மிதித்துக்கொண்டு கைகளைப் பக்கவாட்டில் தூக்கும் ஒரே ஒரு பயிற்சி, வாரத்துக்கு 5 நாள், பத்து வாரம். இரண்டு குழுவுக்குமே வலி குறைந்தது, 12 நிமிடக்காரர்களுக்குக் கொஞ்சம் கூடுதலாக, அவ்வளவுதான். 2 நிமிடம்! ஒரு மீட்டிங்கில் "எல்லாரும் வந்துட்டாங்களா" என்று கேட்பதற்கே அதைவிட அதிக நேரம் போகிறது.

2023-ல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 11 பேரை எட்டு மணி நேரம் உட்காரவைத்து, வெவ்வேறு இடைவெளிகளில் நடக்கவிட்டுப் பார்த்தார்கள். அரை மணிக்கு ஒரு முறை 5 நிமிட நடை சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் நன்றாக உதவியது. மணிக்கு ஒரு முறை ஒரே ஒரு நிமிடம் என்பதைத் தவிர, சோதித்த மற்ற எல்லா வகையிலும் சோர்வு குறைந்து மனநிலை மேம்பட்டது. சின்ன ஆய்வுதான், அதை மறக்க வேண்டாம். அரை மணிக்கு ஒரு முறை எழுந்து போக எந்த ஆபீஸில் விடுவார்கள் என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. மணிக்கு ஒரு முறை என்று வைத்துக்கொண்டு, ஒரு நிமிடத்துக்குப் பதில் ஐந்து நிமிடம் நடங்கள்.

சரி, என்ன பயிற்சி செய்வது? நாற்காலியிலேயே உட்கார்ந்து செய்வது உண்டா?

உண்டு, ஆனால் எழுந்திருக்க முடிகிறவர்கள் எழுந்திருப்பதே நல்லது. முதலிடம் மாடிப்படிக்கு. எதுவும் வாங்க வேண்டாம், உடை மாற்ற வேண்டாம், இரண்டு மாடி ஏறினால் மூச்சு வாங்கிவிடும். இரண்டாவது, போனில் பேசும்போது நடப்பது. பேச்சு எப்படியும் நடக்கப்போகிறது, காலும் நடக்கட்டும். மூன்றாவது, மேலே சொன்ன ரப்பர் டியூப், மேஜை டிராயரில் அடங்கிவிடும். வேண்டுமானால் நாற்காலியில் கை ஊன்றாமல் எழுந்து உட்கார்வதைப் பத்து முறை, சுவரில் கை வைத்துத் தள்ளும் தண்டால் பத்து முறை.

எழவே முடியாத இடம், அதாவது கால் சென்டர், கவுண்டர் வேலை, கன்ட்ரோல் ரூம் என்றால் தோளைக் காது வரை தூக்கி ஐந்து விநாடி இறுக்கிப் பிடித்துச் சட்டென்று விடுங்கள். இறுக்கிவிட்டு விடும்போதுதான் தோள் எவ்வளவு நேரமாக இறுகியிருந்தது என்பதே தெரியும். மூச்சை உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவதை நீளமாக்கினால் இதயத் துடிப்பு இறங்கும், இதை மீட்டிங் நடுவிலும் செய்யலாம், யாருக்கும் தெரியாது.

எல்லோரும் பார்ப்பார்கள், கூச்சமாக இருக்கிறது.

முதல் நாள் பார்ப்பார்கள். இரண்டாம் நாள் கிண்டல் செய்வார்கள். அடுத்த வாரம் ஒருத்தர் வந்து "இந்தத் தோள் வலிக்கு என்ன செய்யலாம்" என்று மெதுவாகக் கேட்பார். நான் பார்த்தவரை இது மாறுவதில்லை. ஜப்பானில் 1928-ல் வானொலியில் ஆரம்பித்த ரேடியோ தைசோ என்ற பயிற்சி இன்றைக்கும் பல தொழிற்சாலைகளிலும் கட்டுமான இடங்களிலும் காலையில் நடக்கிறது. பியானோ இசையோடு மூன்று நிமிடம் சொச்சம், வேலை உடையிலேயே செய்கிறார்கள். எல்லோரும் சேர்ந்து செய்யும்போது பார்ப்பதற்கு ஆள் மிச்சமில்லையே. உங்களால் முழு ஆபீஸையும் திரட்ட முடியாது, ஒரு ஆளைச் சேர்த்துக்கொள்ளுங்கள், போதும். தனியாக நின்று கையை ஆட்டினால் கிறுக்கு, இரண்டு பேர் ஆட்டினால் பழக்கம்.

வீட்டிலேயே செய்துவிட்டு வந்தால் போதாதா?

செய்தால் போதும். செய்வோமா என்பதுதான் கேள்வி. டென்மார்க்கில் மூன்று மருத்துவமனைகளில் வேலை பார்த்த 200 பெண்களை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு வேலை நேரத்திலேயே, சக ஊழியர்களோடு சேர்ந்து, பத்து பத்து நிமிடமாக வாரத்துக்கு ஐந்து முறை பயிற்சி. இன்னொரு பாதிக்கு அதே அளவு, வீட்டில், ஓய்வு நேரத்தில். பத்து வாரம் கழித்து வலி குறைந்ததில் வேலையிடக் குழு தெளிவாக முன்னால் நின்றது. ஆனால் எனக்கு சுவாரசியமாகப் பட்டது வேறு எண். வேலையிடத்தில் செய்தவர்கள் வாரத்துக்குச் சராசரியாக இரண்டு முறை செய்தார்கள், வீட்டில் செய்தவர்கள் ஒரு முறை. சராசரியில் எந்தக் குழுவும் சொன்ன ஐந்து முறையை நெருங்கவே இல்லை! வீட்டுக்குப் போனால் வீட்டு வேலை காத்திருக்கும், அதுவும் பெண்களுக்கு இன்னும் அதிகமாக. சம்பளம் வாங்குகிற நேரத்தில், பக்கத்தில் ஒரு தோழியோடு செய்தால்தான் அந்த இரண்டாவது முறையாவது நடக்கிறது.

இந்த முழுப் பக்கத்திலும் நான் அழுத்திச் சொல்ல நினைப்பது இதுதான்: அந்தப் பத்து நிமிடம் யாருடைய நேரம்? கம்பெனியின் நேரம் என்றால் அது உதவி. சாப்பாட்டு நேரத்தை வெட்டியோ, வேலை முடிந்து அரை மணி கூட இருந்தோ செய்யச் சொன்னால் அது இன்னொரு வேலை.

பயிற்சி செய்தால் வேலை கெடாதா? மேனேஜர் கேட்பார்.

2008-ல் பிரிட்டனில் வெளியான ஒரு ஆய்வில் சுமார் 200 அலுவலக ஊழியர்கள், வேலையிடத்தில் பயிற்சி செய்த நாளையும் செய்யாத நாளையும் தாங்களே ஒப்பிட்டு எழுதினார்கள். செய்த நாளில் மனநிலை நன்றாக இருந்தது, நேரத்தைக் கையாள்வதும் வேலையைக் குறித்த நேரத்தில் முடிப்பதும் மேம்பட்டது என்றார்கள். அவர்களே சொன்னது, அவர்களாக விரும்பிச் செய்தவர்கள், ஆகவே அப்படியே முழுசாக நம்பிவிட வேண்டாம். 2014-ல் ஸ்டான்ஃபோர்டில் நடந்த சோதனைகளில், நடந்தபடி யோசித்தவர்களுக்குப் புதுப்புது யோசனைகள் உட்கார்ந்தவர்களைவிடச் சராசரியாக 60 சதவீதம் வரை அதிகமாக வந்தன. ஆனால் ஒரே ஒரு சரியான விடையைத் தேடும் புதிர்களில் நடை உதவவில்லை. அதனால் திட்டம் போடும் பேச்சுக்கு நடங்கள், கணக்கு சரிபார்க்க உட்காருங்கள்.

எங்கள் கம்பெனி வெல்னஸ் புரோகிராம் நடத்துகிறது. ஆப், யோகா வகுப்பு, ஜிம் தள்ளுபடி எல்லாம் உண்டு. சேரலாமா?

இலவசம் என்றால் சேருங்கள். ஆனால் "நாங்கள் ஊழியர் டென்ஷனைத் தீர்த்துவிட்டோம்" என்று அவர்கள் சொன்னால் நம்ப வேண்டாம். அமெரிக்காவில் இல்லினாய் பல்கலைக்கழகம் தன் ஊழியர்களில் கிட்டத்தட்ட 5,000 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து இப்படி ஒரு திட்டத்தைச் சோதித்தது, முடிவு 2019-ல் வெளியானது. மருத்துவச் செலவு, உடல்நலப் பழக்கங்கள், ஜிம்முக்குப் போவது, வேலைத் திறன், எதிலும் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. இதில் கூத்து என்னவென்றால், சேர்ந்தவர்களையும் சேராதவர்களையும் மட்டும் ஒப்பிட்டிருந்தால் திட்டம் பிரமாதம் என்று தோன்றியிருக்கும், ஏனென்றால் ஏற்கெனவே ஆரோக்கியமாக இருந்தவர்கள்தான் ஓடிவந்து சேர்ந்தார்கள். கம்பெனிகள் காட்டும் பளபளப்பான ஸ்லைடுகளில் பெரும்பாலும் இருப்பது அந்த ஒப்பீடுதான். அதே 2019-ல், ஒரு பெரிய சில்லறை விற்பனை நிறுவனத்தின் சுமார் 33,000 ஊழியர்களை வைத்து வெளியான இன்னொரு ஆய்வும், ஒன்றரை வருடம் கழித்து ரத்த அழுத்தம், எடை, விடுப்பு எதிலும் பெரிய வித்தியாசம் காணவில்லை. 2024-ல் பிரிட்டனில் 46,000-க்கும் மேற்பட்ட ஊழியர்களின் பதில்களைப் பார்த்த ஓர் ஆய்வு, மனஅமைதி ஆப், தாக்குப்பிடிக்கும் பயிற்சி வகுப்பு போன்றவற்றில் கலந்துகொண்டவர்கள் கலந்துகொள்ளாதவர்களைவிட நன்றாக இல்லை என்றது.

அப்படியென்றால் மேலே சொன்ன டென்மார்க் ஆய்வுகள் பொய்யா? இல்லை. அங்கே வேலை நேரத்தை ஒதுக்கி, ஒரு குறிப்பிட்ட பயிற்சியை, ஆட்கள் உண்மையிலேயே செய்தார்கள். கம்பெனி வெல்னஸ் திட்டங்கள் பலவற்றில் ஒரு லிங்க் அனுப்புவதோடு சரி.

நான் ஒரு காலத்தில் வேலை பார்த்த இடத்தில் "ஸ்ட்ரெஸ் குறைப்பது எப்படி" என்று ஒரு வகுப்பு வைத்தார்கள், கட்டாயம், மாலை ஆறு மணிக்கு மேல். வீட்டுக்குப் போகிற நேரத்தில் உட்காரவைத்து ஆழமாக மூச்சு விடச் சொன்னார்கள். எல்லோரும் விட்டோம், பெருமூச்சு.

என் பிரச்சினையே மேலதிகாரிதான். நான் எத்தனை மாடி ஏறினாலும் அவர் மாறப் போவதில்லையே?

மாறமாட்டார். வேலையிட டென்ஷனை ஆராய்ந்த ராபர்ட் கராசெக் 1979-ல் சொன்ன கருத்து இன்றைக்கும் பொருந்துகிறது: வேலைப் பளு மட்டும் ஒருவரை உடைப்பதில்லை, பளு அதிகமாக இருந்து, எப்படிச் செய்வது என்று முடிவெடுக்கும் உரிமை குறைவாக இருக்கும்போதுதான் கெடுதல் அதிகம். மேலே சொன்ன லண்டன் பஸ் டிரைவரை நினைத்துப் பாருங்கள். நேரக்கணக்கு கம்பெனி கையில், சாலை நெரிசல் ஊர் கையில், அவர் கையில் ஸ்டியரிங் மட்டும். உட்கார்ந்திருந்தது மட்டுமா அவர் இதயத்தைக் கெடுத்தது? லண்டன் அரசு ஊழியர்கள் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை 1985 முதல் தொடர்ந்து கவனித்த வைட்ஹால் ஆய்விலும், வேலையில் தன் சொல் எடுபடாதவர்களுக்கு இதயநோய் அதிகம் என்று தெரிந்தது. வேலை நேரமும் கணக்குதான். வாரத்துக்கு 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களைவிடப் பக்கவாத அபாயம் 35 சதவீதம் அதிகம் என்று உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021-ல் சேர்ந்து சொன்னார்கள். இதற்கு மருந்து தோள்பயிற்சி இல்லை, வேலை நேரத்தைக் குறைப்பதுதான்.

ஆகவே பயிற்சியை உங்களுக்காகச் செய்யுங்கள், அவரைப் பொறுத்துக்கொள்வதற்காக என்று நினைத்தால் சீக்கிரம் வெறுத்துவிடும். ஒரு சின்ன உபயோகம் மட்டும் உண்டு. சண்டை வரப்போகிறது என்று தெரிந்தால் பதில் அனுப்புவதற்கு முன் ஒரு சுற்று நடந்துவிட்டு வாருங்கள். நான் அனுப்பாமல் விட்ட மெயில்களில் பாதி அப்படித்தான் தப்பித்தன.

ஸ்டாண்டிங் டெஸ்க் வாங்கலாமா?

உட்கார்ந்தே இருப்பதற்குப் பதில் நின்றே இருப்பது பெரிய மாற்றம் இல்லை. கூடுதலாகச் செலவாகும் கலோரி மிகச் சொற்பம், மணிக்கணக்கில் நின்றால் கால் நரம்பு புடைப்பதும் முதுகுவலியும் வரும். உயரத்தை மாற்றி மாற்றி வைத்தால் நல்லது. நடப்பதற்கு அது ஈடில்லை.

டென்ஷன் அதிகமான நாளில்தான் செய்யவே தோன்றுவதில்லை. சோம்பேறித்தனமா?

இல்லை. ஜெர்மன் உளவியலாளர் சபீனே சொன்னென்டாக் இதை மீட்சியின் முரண் என்கிறார். மீண்டு வரவேண்டிய தேவை யாருக்கு அதிகமோ அவர்களால்தான் மீள்வதற்கான காரியங்களைச் செய்ய முடிவதில்லை. களைத்தவனுக்குச் சுய கட்டுப்பாடும் களைத்துத்தான் இருக்கும். அதனால் மனஉறுதியை நம்பாதீர்கள், ஏற்பாட்டை நம்புங்கள். பதினொன்றரை மணிக்கு காலண்டரில் ஒரு பத்து நிமிடத்தை அடைத்துவையுங்கள், பெயர் "மீட்டிங்" என்றே இருக்கட்டும். மோசமான நாளுக்கென்று வெட்கப்படும் அளவுக்குச் சின்ன அளவு ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள், ஒரே ஒரு மாடி ஏறி இறங்குவது மாதிரி. அன்றைக்கு அதுதான் முழுப் பயிற்சி.

ஆபீஸில் ஸ்டெப் போட்டி வைக்கிறார்கள், தினமும் 10,000.

அந்த 10,000 மருத்துவ ஆராய்ச்சியிலிருந்து வந்தது இல்லை. 1965 வாக்கில் ஜப்பானில் விற்ற ஒரு நடை எண்ணும் கருவியின் பெயர் "மன்போ-கெய்", பத்தாயிரம் அடி மீட்டர் என்று அர்த்தம், அங்கிருந்து உலகம் சுற்றியது. போட்டி உங்களுக்கு விளையாட்டாக இருந்தால் சேருங்கள். ராத்திரி பதினோரு மணிக்கு அடி குறைகிறதே என்று ஹாலில் சுற்றுகிறீர்கள் என்றால் விலகிவிடுங்கள், டென்ஷன் குறைக்க வந்த இடத்தில் இன்னொரு டார்கெட் எதற்கு. உங்கள் அடி எண்ணிக்கை மேனேஜருக்குத் தெரிய வேண்டிய அவசியமும் இல்லை.

யாராவது இதைச் செய்யக் கூடாதா?

நெஞ்சுவலி, கொஞ்சம் ஏறினாலே மூச்சுத்திணறல், மயக்கம் இருந்தால் முதலில் டாக்டர், அப்புறம்தான் படிக்கட்டு. கர்ப்பமாக இருப்பவர்கள், அறுவை சிகிச்சை முடிந்தவர்கள், மூட்டுப் பிரச்சினை உள்ளவர்கள் கேட்டுவிட்டு ஆரம்பிக்கலாம். இன்னொன்றும் உண்டு. 2019-ல் உலக சுகாதார நிறுவனம் பர்ன்அவுட் என்பதைத் தொழில் சார்ந்த நிலை என்று வரையறுத்தது, நோய் என்ற பட்டியலில் வைக்கவில்லை. அடையாளங்கள் மூன்று: சக்தி முழுக்க வற்றிப்போவது, வேலையிலிருந்து மனசு விலகி எல்லாவற்றையும் கசப்பாகப் பார்ப்பது, செய்வதெல்லாம் உருப்படியில்லை என்ற எண்ணம். இது வாரக்கணக்கில் நீடித்தால், தூக்கம், சாப்பாடு இரண்டும் போய்விட்டால், உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் எட்டிப்பார்த்தால், நடைப்பயிற்சியை வைத்துச் சமாளிக்கப் பார்க்காதீர்கள். மனநல மருத்துவரிடம் போங்கள், அன்றே நம்பகமான ஒருவரிடம் சொல்லுங்கள்.

மேனேஜரிடம் எப்படிக் கேட்பது?

"ஸ்ட்ரெஸ்" என்ற சொல்லை எடுக்காமல் ஆரம்பியுங்கள், அது புகார் மாதிரிக் கேட்கும். கழுத்துவலி என்று சொல்லுங்கள், அது யாருக்கும் புரியும். டீமில் இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு, ஒரு மாதத்துக்கு மட்டும், தினமும் பதினொன்றரையிலிருந்து பத்து நிமிடம் வேலை நேரத்தில் தரச் சொல்லிக் கேளுங்கள், வர விருப்பமில்லாதவர்களைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்பதையும் அப்போதே பேசிவிடுங்கள். மாத முடிவில் மறுபடி பேசுவோம் என்று நீங்களே சொல்லிவிட்டால் அவருக்கும் மறுப்பது கஷ்டம். மறுத்தால், ஒரு நாளைக்கு இரண்டு போன் பேச்சையாவது நடந்துகொண்டே பேசுங்கள், அதற்கு யாருடைய கையெழுத்தும் தேவையில்லை.